லேத்தை இப்போதைக்கு விற்காதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால் கடைசியில், லேத்தை விற்றுவிடப் போவதாக ஒரு வரி போட்டிருக்கிறாயே, அது இரண்டு நாளாக மனதை உறுத்துகிறது. காரணம் சொல்கிறேன்.

பள்ளி ரோபாட்டிக்ஸ் குழுவை நான் பார்த்துக்கொள்வது உனக்குத் தெரியும். இதுவரை ரெடிமேட் பாகங்களைப் பூட்டியே காலம் தள்ளினோம். இந்த முறை ரோபோவின் கையைப் பிள்ளைகளே வடிவமைத்தார்கள். திரையில் அதைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டியபோது எனக்கே தலைகால் புரியவில்லை. சரி, செய்துவிடலாம் என்று ஒரு பட்டறைக்குப் படங்களை அனுப்பினோம்.

மறுநாளே பட்டறைக்காரரிடமிருந்து போன். "சார், இந்தத் தகடு மொத்தமே பத்து மில்லிமீட்டர்தானா? அதுக்குள்ள பதினாலு துளை வேற. கொசுவுக்குக் கை செய்றீங்களா?"

பையன் அங்குலத்தில் வரைந்திருக்கிறான். வரைபடம் இருக்கும் டிஎக்ஸ்எஃப் கோப்பைப் பட்டறையில் திறந்தபோது, பத்து என்ற எண்ணை அவர்கள் மென்பொருள் மில்லிமீட்டராக எடுத்துக்கொண்டது. 254 மி.மீ. தகடு விரல் நகமாகிவிட்டது. நல்லவேளை, வெட்டும் முன்னால் கேட்டார். இப்போது எந்தப் படம் போனாலும் ஓரத்தில் மொத்த நீளத்தை அலகோடு எழுதிவிடுகிறோம்.

அப்புறம் பிள்ளைகளையே நேரில் வரச் சொன்னார். அன்று நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். மோட்டார் உட்கார ஒரு சதுரக் குழி வரைந்திருந்தார்கள். நான்கு உள்மூலைகளும் கத்தி வைத்ததுபோல் கூர். அவர் குறை எதுவும் சொல்லவில்லை. 6 மி.மீ. விட்டமுள்ள எண்ட்மில் என்ற வெட்டுக்கருவி ஒன்றை எடுத்து, வரைந்த பெண்ணின் உள்ளங்கையில் வைத்தார்.

"உருட்டிப் பாரும்மா."

உருட்டினாள்.

"இது சுத்திக்கிட்டே வெட்டும். உன் மூலை கூரா இருக்கு. அதுக்குள்ள எப்படிப் போகும்?"

மூலைக்கு மூலை 3 மி.மீ. ஆரத்துக்கு உலோகம் மிஞ்சும், மோட்டார் அதில் முட்டி நிற்கும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "மூலையில ஒரு துளை போட்டு இடம் விட்டுட்டா?" என்றாள். காலங்காலமாக எல்லோரும் செய்வதுதான், டாக்போன் என்று பெயர்கூட இருக்கிறது. அது அவளுக்குத் தெரியாதே! அவர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் என்னவோ சொல்லிக்கொடுத்ததுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

அந்தப் பெருமை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. வளைத்துச் செய்யும் தாங்கிக்கு 6061-டி6 என்ற அலுமினிய வகையைப் போடச் சொன்னது நான். உறுதியான உலோகம்தான். ஆனால் டி6 என்பது சூடேற்றிக் கடினமாக்கிய பதம், அதில் இறுக்கமாக மடித்தால் தாங்காது. மடிப்பின் வெளிப்பக்கம் முழுக்க முடிபோல் விரிசல். பிள்ளைகள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு மரியாதையாக மௌனம் காத்தார்கள். நன்றாக வளையும் 5052 வகை அலுமினியத் தகட்டில் மறுபடி செய்து வாங்கினோம். எம்5 திருகுக்கு, அதாவது 5 மி.மீ. விட்டமுள்ள திருகுக்கு, சரியாக 5 மி.மீ. துளை வரைந்து, எதுவும் நுழையாமல் போனது தனிக்கதை. 5.5 ஆக்கிய பிறகு தானாக விழுகிறது.

இப்போது முதலில் அட்டையில் முழு அளவில் வெட்டிப் பூட்டிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறோம். ஆனால் அட்டையில் தெரியாத விஷயங்கள் இருக்கிறதே, அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். இணைத்திருக்கும் படத்தைப் பார். 608 என்ற அளவு பேரிங் உட்காரும் குழி. பேரிங்கின் வெளிவிட்டம் 22 மி.மீ. என்பதால் குழியையும் அதே 22 என்று போட்டு, விலக்கம், அதாவது அளவு எவ்வளவு கூடலாம் குறையலாம் என்பது, எதுவும் குறிக்காமல் விட்டுவிட்டார்கள். உன் கண்ணில் பட்டதும் திட்டப் போகிறாய் என்று தெரியும். திட்டு. ஆனால் எண்ணை நீ எழுதித் தந்துவிடாதே.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பிள்ளைகளை உன்னிடம் கூட்டி வருகிறேன். ஒரு துண்டு அலுமினியத்தை லேத்தில் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்து, எந்த அளவில் பேரிங் கையால் போகிறது, எந்த அளவில் அழுத்தினால்தான் போகிறது என்று காட்டு. வாங்க வருகிறவரிடம் அதுவரை ஏதாவது சாக்குச் சொல்லி வை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்