எழுபதாம் இதழைத் தேடாதே

அன்புள்ள மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். ‘ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட்’ என்ற அமெரிக்கப் பேய்ப்படப் பத்திரிகையின் பழைய இதழ்களை நீயும் சேர்க்கத் தொடங்கியிருப்பதாகவும், 69-க்கு அடுத்த இதழ் எங்கே தேடியும் அகப்படவில்லை என்றும் எழுதியிருந்தாய். அது அகப்படாது அம்மா, ஏனென்றால் அப்படி ஓர் இதழ் அச்சாகவே இல்லை. இதன் பதிப்பாளர் ஜேம்ஸ் வாரன் 1964 முதல் 1966 வரை நடத்திய ‘மான்ஸ்டர் வேர்ல்ட்’ என்ற இன்னொரு பத்திரிகை பத்து இதழ்களோடு நின்றுபோனது. அந்தப் பத்தையும் ‘ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ்’ கணக்கிலே சேர்த்து, 69-ஐ அடுத்து நேராக 80 என்று எண் போட்டுவிட்டார்கள். ஆகவே 1983-இல் வாரன் வெளியிட்ட கடைசி இதழின் எண் 191 என்றாலும், அவர் காலத்து இதழ்களில் இந்தப் பெயரில் நீ தேட வேண்டியவை 181 தான்.

முதல் இதழிலிருந்து தொடங்க வேண்டும் என்ற ஆசையை இப்போதைக்கு ஒத்திவை. 1957-இல் யுனிவர்சல் நிறுவனத்தின் பழைய பேய்ப்படங்கள் 52 ஒரே தொகுப்பாகத் தொலைக்காட்சிக்கு வந்து, பிள்ளைகள் இரவில் கண்விழித்துப் பார்க்கத் தொடங்கியதால்தான் இப்படியொரு பத்திரிகைக்கு இடம் பிறந்தது. 1958 பிப்ரவரியில், ஒரே ஓர் இதழோடு முடித்துக்கொள்ளும் எண்ணத்தில், 35 சென்ட் விலையில் அது வெளிவந்தது. அட்டையில் ஃபிராங்கன்ஸ்டைன் முகமூடிக்குள் இருப்பவர் வாரனேதான். இன்று அதற்குக் கேட்கும் விலைக்கு அறுபதுகளின் நடுவில் வந்த இதழ்களை ஒரு கட்டாகவே வாங்கிவிடலாம். என்னைக் கேட்டால், பேசில் கோகோஸ் வரைந்த அட்டைகளே இந்தப் பத்திரிகையின் உயிர். கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் சாம்பலாகக் கிடந்த முகத்தின் ஒரு பக்கத்தில் பச்சையையும் மறுபக்கத்தில் சிவப்பையும் பாய்ச்சி, படத்தில் எவரும் கண்டிராத ஓர் ஒளியை அவர் உண்டாக்கினார்.

ஆனால் அட்டையில் மயங்கிப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதே. இதழை வாங்கும்முன் கடைசிப் பக்கங்களைக் கட்டாயம் புரட்டிப் பார். அங்கே ‘கேப்டன் கம்பெனி’ என்ற பெயரில் வாரன் நடத்திய அஞ்சல்வழி வியாபாரத்தின் விளம்பரங்கள் இருக்கும். ரப்பர் முகமூடி, எட்டு மில்லிமீட்டர் படச்சுருள், பத்திரிகையின் பழைய இதழ்கள், ஏன், உயிருள்ள குரங்கைக்கூட அதில் விற்றார்கள். அன்றைய சிறுவன் கூப்பனைக் கத்தரித்து அனுப்பியிருந்தால், அந்தத் தாளின் மறுபக்கத்தில் அச்சாகியிருந்ததும் கூடவே போயிருக்கும். ஆசிரியர் ஃபாரஸ்ட் அக்கர்மன் தம் சேகரிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்த படங்களில் ஒன்று பாதி முகத்தோடு நிற்பதைக் கண்டால் வயிறு எரியும். முதுகு கசங்கி, மூலையில் யாரோ ஒரு பிள்ளையின் பெயர் பேனாவால் எழுதப்பட்டிருந்தாலும், பக்கங்கள் முழுமையாக உள்ள இதழையே வாங்கு. இதழின் நிலைமைக்கு மதிப்பெண் போட்டுக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்து விற்கிறார்களே, அது எனக்குப் பிடிக்காத வழக்கம். அக்கர்மனின் அசட்டுச் சிலேடைகளைப் படித்துச் சிரிக்க முடியாத இதழ் இருந்தென்ன, இல்லாவிட்டாலென்ன?

உள்தாள் மட்டமான மரக்கூழ்த் தாள். அதிலுள்ள அமிலமே அதைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்கிறது. வெயிலும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். காமிக்ஸுக்கான உறையில் இது நுழையாது, பத்திரிகை அளவிலேயே பாலியஸ்டர் உறையும் அமிலமில்லாத அட்டையும் கேட்டு வாங்கு. பேஸ்மென்ட்டில் வைக்காதே. ஸ்டேபிள் பின் துருப்பிடித்திருந்தால், துரு நடுத்தாளில் பரவி, அந்தத் தாள் தனியே கழன்று வந்துவிடும்.

என்னிடம் இரட்டையாக உள்ள இதழ்களின் எண்களைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். வேண்டியவற்றுக்கு டிக் போட்டு அனுப்பு. விளம்பரம் அச்சான பத்திரிகைகளை, புத்தகங்களுக்கான மலிவான தபால் வகையான மீடியா மெயிலில் அனுப்பத் தபால் விதி இடம் கொடுப்பதில்லை. அதனால் சாதாரணப் பார்சலில், இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா