வம்சமா, வளர்த்த கையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் தடைதாண்டும் குதிரைப் பந்தயம் பற்றி வந்த கட்டுரையையும், அதை மறுத்துப் புதன்கிழமை வெளியான வாசகர் கடிதத்தையும் படித்தேன். குதிரை ஜெயிப்பதற்குக் காரணம், கட்டுரையாளருக்கு எல்லாமே ரத்தம்தான், அதாவது வம்சம்தான். பயிற்சியாளர் கொள்ளு வைத்துத் தண்ணீர் காட்டுகிறவர், அவ்வளவே. மறுத்தவரோ அயர்லாந்துப் பயிற்சியாளர் வில்லி முல்லின்ஸ் பெயரையே திரும்பத் திரும்பச் சொல்லி வம்சத்தை ஒரேயடியாக ஒதுக்கிவிட்டார். இருவருமே ஒரு குதிரையின் காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தவர்களாகத் தெரியவில்லை.

நான் கிண்டி லாயங்களில் லாடம் அடித்தவன். என் தகப்பனாருக்கும் அதுதான் தொழில். என் காலத்தில் கிண்டியில் தடைதாண்டும் பந்தயம் கிடையாது. சமதளத்தில் ஓடுவது மட்டும்தான். ஆனாலும் பெரிய லாயங்களுக்கு இங்கிலாந்துப் பத்திரிகைகள் வரும். முதலாளிகள் படித்துப் போட்டவற்றை நான் வீட்டுக்கு எடுத்து வருவேன். பிறகு தொலைக்காட்சி வந்தது. ஏப்ரல் மாதச் சனிக்கிழமை இரவில், இங்கிலாந்தின் ஏன்ட்ரீ மைதானத்தில் நடக்கும் கிராண்ட் நேஷனல் என்ற தடைதாண்டும் பந்தயத்தைப் பார்க்காமல் என் வீட்டில் சாப்பாடு நடக்காது. என் மனைவியைக் கேட்டால் சொல்வார்.

முதலில் கட்டுரையாளருக்கு. சமதளப் பந்தயத்தில் வம்சத்துக்கு இருக்கும் செல்வாக்கை நானும் மறுக்கவில்லை. மூன்று வயதில் டெர்பி என்ற பெரிய சமதளப் பந்தயத்தை ஜெயித்த ஆண்குதிரை நேராக இனப்பெருக்கப் பண்ணைக்குப் போகிறது. மூன்று, நான்கு வருடங்களில் அதன் குட்டிகள் ஓடத் தொடங்கிவிடும். தகப்பன் தேறுமா தேறாதா என்பது சீக்கிரம் தெரிந்துவிடும். தடைதாண்டும் பந்தயத்தில் கதையே வேறு. அங்கே ஓடுகிற ஆண்குதிரைகளில் பெரும்பாலானவை காயடிக்கப்பட்டவை. எட்டு, ஒன்பது, பத்து வயதில்தான் உச்சத்துக்கு வரும். எவ்வளவு பெரிய சாம்பியனாக இருந்தாலும் அதன் ரத்தம் அதோடு சரி. தடைதாண்டும் குட்டிகளின் தகப்பனோ பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு தடையைக்கூடத் தாண்டியிராத சமதளக் குதிரையாக இருக்கும். அதன் பிள்ளைகள் நன்றாகத் தாண்டுகின்றன என்று ஊர் ஒப்புக்கொள்வதற்குள் தகப்பனுக்கு வயதாகிவிடும், அல்லது செத்துப்போயிருக்கும். அயர்லாந்தின் டீப் ரன் என்ற தகப்பன் குதிரை 1987-இல் இறந்தது. இறந்த பிறகும் சில வருடங்கள் தடைதாண்டும் குதிரைகளின் தகப்பன் பட்டியலில் அதுவே முதலிடத்தில் நின்றது. அதன் மகள் டான் ரன் 1984-இல் சிறு தடைகளுக்கான சாம்பியன் ஹர்டிலையும் 1986-இல் பெரிய வேலிகளுக்கான செல்டன்ஹாம் கோல்டு கப்பையும் ஜெயித்தாள். இரண்டையும் ஜெயித்த ஒரே குதிரை அவள்தான். பெண்குதிரை ஆயிற்றே, அவள் வயிற்றில் ஒரு குட்டி பிறந்திருக்கலாம். கோல்டு கப் ஜெயித்த சில மாதங்களிலேயே பிரான்ஸில் ஒட்டேய் மைதானத்தில் தடையில் விழுந்து இறந்துவிட்டாள்.

பரம்பரைக்கு அங்கே இடமே இல்லையா என்றால், இருக்கிறது. 2010-இல் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவைக் கண்டு, ஒரு குதிரை குறுகிய தூரத்துக்கு ஏற்றதா நெடுந்தூரத்துக்கு ஏற்றதா என்பதை அதை வைத்துச் சொல்லலாம் என்றார்கள். கட்டுரையாளர் இதைத்தான் பெரிய ஆதாரமாகக் காட்டுகிறார். ஆனால் அந்த மரபணு தூரத்தைத்தான் சொல்லும். நாலரை அடி உயர வேலிக்கு முன்னால் ஒரு எட்டைக் குறைத்து வைப்பதா, தூரத்திலிருந்தே எம்புவதா என்று குதிரைக்கு அது சொல்லித் தராது. அதைத் தரையில் கிடத்திய கம்பிலிருந்து தொடங்கி, சிறு தடை, பெரிய தடை என்று பொறுமையாக ஒருவர் சொல்லித் தரவேண்டும். அவசரப்பட்டுப் பயமுறுத்திய குதிரை பிறகு எந்த வம்சமானாலும் வேலியைக் கண்டதும் பக்கவாட்டில் ஒதுங்கும்.

ரெட் ரம் என்ற குதிரையின் கதையை இரண்டு பேருமே சொல்லாமல் விட்டதுதான் எனக்கு ஆச்சரியம். தகப்பன் குவோரம் ஒரு மைல் ஓடும் குதிரை. 1957-இல் இங்கிலாந்தின் 2000 கினீஸ் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது. மகனையும் அதற்காகவே பெற்றார்கள். 1967-இல் ரெட் ரம் ஓடிய முதல் பந்தயம் வெறும் ஐந்து ஃபர்லாங், சுமார் ஒரு கிலோமீட்டர்; அதிலும் இன்னொரு குதிரையோடு சமமாகத்தான் வந்தது. பிறகு பல கை மாறி, 1972-இல் 6000 கினிக்கு (இங்கிலாந்தின் பழைய பணக் கணக்கு) விலைபோய், சவுத்போர்ட் ஊரில் பழைய கார் விற்கும் கடைக்குப் பின்னால் லாயம் வைத்திருந்த பயிற்சியாளர் ஜிஞ்சர் மெக்கெய்னிடம் வந்து சேர்ந்தது. மனிதர் வாடகைக் காரும் ஓட்டியவர். வந்த புதிதிலேயே குதிரை நொண்டியது. குளம்புக்குள் இருக்கும் எலும்பில் அழற்சி.

இது என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த நோய் வந்த குதிரையை வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. காலைத் தூக்கி, குளம்பின் அடியைக் கத்தியால் மெல்லியதாகச் சீவினால் சில சமயம் இளஞ்சிவப்பாக ஒரு கறை தென்படும். குறடால் ஓரமாக அழுத்திக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். கணுக்காலுக்குப் பின்னால் இரண்டு விரல் வைத்தால் நாடி படபடவென்று அடிக்கும். குளம்பின் மேல் உள்ளங்கையை வைத்தால் சூடு தெரியும். தட்டையான, மெல்லிய அடிக்குளம்பு உள்ள குதிரைக்கு இது சீக்கிரம் வரும். அந்தக் குளம்பு பெரும்பாலும் பிறவியில் வருவது. அங்கே வம்சம் பேசுகிறது, மறுக்கவில்லை. கெட்டித் தரையில் ஓட ஓட அந்த எலும்பு அடிவாங்கிக்கொண்டே இருக்கும். லாடத்தின் உள்விளிம்பைச் சரித்து அடிக்குளம்பில் படாமல் பார்த்துக்கொள்ளலாம், தோல் வைத்து லாடம் அடிக்கலாம். ஆனால் தரையை மாற்ற லாடக்காரனால் ஆகாது. கோடையில் கிண்டித் தரை இறுகத் தொடங்கும்போது குதிரைகளை ஊட்டிக்கு ஏற்றிவிட்டதற்குக் காரணம் முதலாளிகளின் உல்லாசம் மட்டும் இல்லை.

மெக்கெய்னிடம் நல்ல புல்வெளி கிடையாது. கடற்கரைதான் இருந்தது. ஈர மணலில் ஓட்டினார், குளிர்ந்த உப்புத்தண்ணீரில் முழங்கால் ஆழத்துக்கு நடக்கவிட்டார். நொண்டல் போயிற்று. 1973, 1974, 1977 என்று மூன்று கிராண்ட் நேஷனல். நடுவில் 1975, 1976 இரண்டிலும் இரண்டாமிடம். ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர், முப்பது வேலிகள், 1974-இல் முதுகில் 12 ஸ்டோன், அதாவது 76 கிலோ. ஐந்து ஃபர்லாங்குக்குப் பிறந்த குதிரை! முந்தைய லாயங்களிலும் அதே தாய், அதே தகப்பன், அதே ரத்தம்தான் இருந்தது. மாறியது தரையும் கையும். வெறும் அதிர்ஷ்டம், பக்கத்தில் கடல் இருந்தது என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டுமே. கடல் பக்கத்தில் இருந்த எல்லோருமா மூன்று முறை ஜெயித்தார்கள்?

கட்டுரையாளர் ஆர்க்கிள் என்ற குதிரையைச் சொல்லி வாதாடுகிறார். 35 ஓட்டத்தில் 27 வெற்றி, 1964 முதல் 1966 வரை மூன்று கோல்டு கப்; அப்படி ஒரு குதிரை அதற்குப் பிறகு வரவில்லை என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஆர்க்கிளின் தகப்பன் ஆர்க்கைவ், மாபெரும் நியர்கோவின் மகனாக இருந்தும் பந்தயத்தில் ஒன்றுக்கும் உதவாத குதிரை. வம்சத்தை மட்டும் நம்பியிருந்தால் அதை யாரும் திரும்பிப் பார்த்திருக்கவே கூடாது. தாய் பிரைட் செர்ரியோ தடைதாண்டி ஜெயித்தவள், அவளையும் பயிற்றுவித்தவர் ஆர்க்கிளின் பயிற்சியாளர் டாம் டிரீப்பர்தான். மகனைக் கையில் எடுக்கும்போது தாயின் குணம் அவருக்குத் தெரிந்திருந்தது. இதில் ரத்தம் எவ்வளவு, டிரீப்பர் எவ்வளவு என்று யார் பிரிப்பது? கடைசியில் 1966 டிசம்பரில் கெம்ப்டனில் ஓடும்போதே அதற்கும் அந்தக் குளம்பு எலும்புதான் முறிந்தது. அந்தக் காலோடும் இரண்டாவதாக வந்தது.

இனி மறுப்புக் கடிதம் எழுதிய நண்பருக்கு. முல்லின்ஸ் 2024-இல் அயர்லாந்திலிருந்து வந்து பிரிட்டனின் சாம்பியன் பயிற்சியாளர் பட்டத்தை வாங்கினார். 1954-இல் வின்சென்ட் ஓ'பிரையனுக்குப் பிறகு அயர்லாந்துக்காரர் யாரும் செய்யாதது. பெரிய மனிதர்தான். ஆனால் அவர் லாயத்துக்கு வரும் குதிரைகளில் பல பிரான்ஸில் மூன்று வயதிலேயே தடைதாண்டக் கற்றுக்கொண்டு வருபவை. இன்னும் சில, அயர்லாந்துக் கிராமப்புறத்தில் சின்னச் சின்னப் பயிற்சியாளர்கள் பழக்கி, உள்ளூர்ப் பந்தயத்தில் ஒருமுறை ஓட்டிக்காட்டி விற்பவை. முதலில் கம்பைத் தாண்டக் கற்றுக்கொடுத்தவரின் பெயர் செல்டன்ஹாம் பலகையில் வராது. பணக்கார முதலாளிகள் யாரிடம் குதிரையை நிறுத்துகிறார்களோ அவரிடம் வெற்றி குவியும். அதை அப்படியே திறமைக் கணக்கில் எழுதுவது வசதியான கணக்கு, அவ்வளவுதான்.

பயிற்சியாளரின் திறமைக்கு எனக்குத் தெரிந்த நேர்மையான சோதனை, குதிரை கைமாறும்போது என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான். இங்கிலாந்தில் பந்தயப் புக்கியின் மகனாகப் பிறந்த மார்ட்டின் பைப் அடுத்தவர் ஓட்டிச் சலித்த குதிரைகளை வாங்கினார். சொந்தமாக ஆய்வுக்கூடம் வைத்து ரத்தம் சோதித்தார், சிறிய மேட்டில் விட்டுவிட்டுப் பலமுறை ஓட்டினார். ஊரே சந்தேகப்பட்டது, பிறகு ஊரே அதைக் காப்பியடித்தது. பதினைந்து முறை சாம்பியன். 1983 கோல்டு கப்பில் மைக்கேல் டிக்கின்சன் பயிற்றுவித்த குதிரைகள் முதல் ஐந்து இடத்தையும் பிடித்தன. ஐந்தும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவை அல்ல. 1990-இல் அதே கோல்டு கப்பை ஒன்றுக்கு நூறு கிடைக்கும் பந்தய விலையில், யாரும் நம்பாத நார்ட்டன்ஸ் காயின் ஜெயித்தது. அதன் பயிற்சியாளர் வேல்ஸ் நாட்டுப் பால்பண்ணைக்காரர். அன்று காலை மாடு கறந்துவிட்டுத்தான் மைதானத்துக்குக் கிளம்பினார்.

ஓ'பிரையனிடமே இன்னொரு சான்று இருக்கிறது. 1953, 1954, 1955 மூன்று கிராண்ட் நேஷனலையும் மூன்று வெவ்வேறு குதிரைகளை வைத்து ஜெயித்தார்; மூன்றுக்கும் வேறு வேறு தகப்பன். பிறகு தடைதாண்டுவதை விட்டு சமதளத்துக்கு வந்தார். வந்ததும் என்ன செய்தார்? அட்லாண்டிக் கடல் தாண்டிப் போய் வம்சம் பார்த்துக் குட்டி தேர்ந்தெடுத்தார். கனடாவிலிருந்து வந்த நிஜின்ஸ்கி 1970-இல் மூன்று மகுடம் எனப்படும் இங்கிலாந்தின் மூன்று பெரிய சமதளப் பந்தயங்களையும் ஜெயித்தது. அந்த மனிதருக்கு எந்த ஆட்டத்தில் எது பேசும் என்று தெரிந்திருந்தது.

நம் ஊர்ச் சங்கதி ஒன்று. குதிரைப் பந்தயம் சூதாட்டமா என்ற வழக்கு இந்தச் சென்னையிலிருந்துதான் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஜனவரியில் வந்த தீர்ப்பில், பயிற்சியால் பெறப்படும் வேகமும் தாக்குப்பிடிக்கும் வலுவுமே முக்கியம், ஆகவே இது திறமையைச் சார்ந்த விளையாட்டு என்றார்கள். சமதளப் பந்தயத்துக்கே அப்படிச் சொன்ன நீதிபதிகள் ஏன்ட்ரீ வேலிகளைப் பார்த்திருந்தால் என்ன எழுதியிருப்பார்களோ.

கட்டுரையின் இரண்டாம் பகுதி வரும் ஞாயிறு வெளியாகும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் ஒவ்வொரு குதிரைக்கும் தாய், தகப்பன் பெயரோடு, முதலில் பழக்கியவர் யார், பிறகு எந்தெந்த லாயம் மாறியது என்பதையும் போடச் சொல்லுங்கள். முடிந்தால் குதிரைக்காரர் பெயரையும். விடியுமுன் முழங்காலிலிருந்து கணு வரைக்கும் நரம்பைத் தடவிப் பார்த்து, "இன்றைக்கு ஓட்டவேண்டாம் ஐயா, சூடு இருக்கிறது" என்று முதலில் சொல்பவர் அவர். அந்தச் சொல்லைக் கேட்டு நிறுத்திய பயிற்சியாளர்களையும் பார்த்திருக்கிறேன், கேட்காமல் ஓட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். கேட்காமல் ஓட்டிய ஒருவரின் குதிரைக்கு நான் அடித்த லாடத்தை மறுவாரம் நானே கழற்ற வேண்டியிருந்தது. அந்தக் குதிரையின் வம்சாவளி நான்கு தலைமுறைக்கு மேலே வரை டெர்பிதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லாடத் தொழிலாளி,
வேளச்சேரி, சென்னை - 42