வெயில் மேல் பழி போடாதீர்கள்

மதிப்பிற்குரிய தோட்டக்கலை அதிகாரிகளுக்கு, பப்பாளி விவசாயி ஒருவனின் வணக்கம்.

போன மாதம் என் தோட்டத்துக்கு வந்தீர்கள், நன்றி. வரப்பில் நின்றபடியே பார்த்துவிட்டு, "இந்த வருஷ வெயிலுக்கு மரம் ஆணாகப் பால் மாறியிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

மனு உங்கள் மேசையில் இருக்கிறது, முழுக்கதை வேண்டாம். ஒரே பூவில் ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்கும் இருபால் ரகம் என்று சொல்லி, நாற்றுப் பண்ணையில் கன்று 18 ரூபாய் கணக்கில் ஆயிரம் கன்று கொடுத்தார்கள். ஐந்தாம் மாதம் பூ விட்டபோது 486 காய்க்காத ஆண், மீதி பெண். ஆண் மரத்தில் இலையடியிலிருந்து முழ நீளத்துக்குக் காம்பு தொங்கியது, கொத்துக் கொத்தாகப் பூ. வாசம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. நீங்கள் போன மறுநாள், இருபது பெண்ணுக்கு ஓர் ஆண் என்று 26 மரத்தை விட்டுவிட்டு, மீதி 460ஐயும் வெட்டினேன். பப்பாளித் தண்டுக்கு ஒரே வீச்சு போதும். மரப்பால் பட்டு இரண்டு நாள் கை எரிந்தது. வெட்டி முடித்துத் திரும்பிப் பார்த்தால், சொட்டுநீர்க் குழாயை நிறுத்த மறந்திருக்கிறேன். மொட்டைக் கட்டைகளுக்குத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மாசியிலும் பங்குனியிலும் லாரித் தண்ணீர் வாங்கிக் காப்பாற்றிய மரங்கள்.

வெயில் பப்பாளியை மாற்றாதா என்றால், மாற்றும். இருபால் மரத்தில் கோடை உச்சத்தில் சூலகம் சுருங்கிப்போய்ப் பூ ஆண்பூ மாதிரி ஆகிவிடும், அந்த இடத்தில் காய் பிடிக்காது. குளிரிலோ மகரந்தத் தாள்கள் சூலகத்தோடு ஒட்டிக்கொண்டு பூனை மூஞ்சி மாதிரிக் கோணல் காய் வரும். இருபால் சோலோ ரகத்தை வைத்திருக்கும் ஹவாய்க்காரர்கள் இரண்டையும் பார்த்தவர்கள். குளிர் கூடுதலான தென்னாப்பிரிக்காவிலும் தெற்கு குயின்ஸ்லாந்திலும் ஆண், பெண் தனித்தனியாக வரும் ரகங்களை நட்டதற்கு, பெண் மரம் பருவத்துக்குப் பருவம் புத்தி மாறாது என்பதும் ஒரு காரணம். பப்பாளியின் தாய்நாடான மத்திய அமெரிக்கப் பக்கம் காட்டு மரங்களில் ஆணும் பெண்ணும்தான் உண்டு. இருபால் மரம் மனிதர்கள் தேர்ந்து வளர்த்ததில் பெருகியது.

ஆனால் ஐயா, வெயில் பூவுக்குள்தான் கை வைக்கும். காம்பை முழ நீளம் இழுத்துத் தொங்கவிடாது. அது விதையிலேயே வந்த சங்கதி. உண்மையான இருபால் ரகத்தில் ஆண் மரமே வராது; தன் மகரந்தத்திலேயே பிடித்த விதையென்றால் மூன்றில் இரண்டு பங்கு இருபால், ஒரு பங்கு பெண். பாதிக்குப் பாதி ஆண் என்றால், ஆண் மரத்து மகரந்தம் பட்டுப் பெண் மரத்தில் பழுத்த பழத்தில் வழித்தெடுத்த விதை. இதெல்லாம் உங்கள் பயிற்சி முகாமில் நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான்.

நான் கேட்பது, நாற்று விற்கும் ரசீதில் இரண்டு வரி: ரகம் இருபாலா, ஆண் பெண் தனித்தனியா, விதை எங்கே எடுத்தது. நஷ்டஈடுகூட அப்புறம் பேசலாம். மானியத்துக்கு விண்ணப்பித்தால் ஆதார், சிட்டா, அடங்கல், வயலில் நிற்கிற போட்டோ எல்லாம் கேட்கிறீர்கள். எங்கள் தாத்தா பெயர்வரை பதிவேட்டில் ஏறிவிட்டது. நாற்றுக்கு மட்டும் அப்பன் பெயர் யாரும் கேட்பதில்லை. கண்காட்சியில் பப்பாளியைச் செதுக்கி மயில் செய்து வைத்திருந்தீர்களே, அது என்ன ரகம் என்று கேட்டேன். அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை.

சரி, மயில் பேச்சை விடுங்கள், வாய் நீண்டுவிட்டது. ஆடியில் மறுபடி நடப்போகிறேன். அதற்குள் அந்த இரண்டு வரியையும் ரசீதில் ஏற்ற உத்தரவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நேரமிருந்தால் இன்னொரு முறை வாருங்கள். விட்டுவைத்த 26 ஆண் மரமும் நிற்கிறது. இந்த முறை வரப்பை விட்டு உள்ளே இறங்கி, காம்பை அளந்து பாருங்கள். முழக்கோல் நான் தருகிறேன்.

இப்படிக்கு,
514 பெண் மரங்களோடு மிஞ்சியிருக்கும் ஒரு விவசாயி