மகளின் சட்டப் படிப்பு பற்றி ஒரு மடல்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை வந்து சேர்ந்தது. காரைதீவுப் பக்கம் வெள்ளாமை நன்றாகக் கதிர் தள்ளியிருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோசம். இங்கே வாவி நிறைந்து கிடக்கிறது. மகள் மூன்றாம் வருடத்தில் தேசிய பாதுகாப்புச் சட்டத்தையும் சைபர் சட்டத்தையும் விருப்பப் பாடங்களாக எடுத்திருக்கிறாள் என்பதுதான் எனக்குப் பெரிய செய்தி. எதைப் பிடித்துப் படிக்கலாம் என்று கேட்டிருந்தாய். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், அவளிடம் அப்படியே கொடு.

இந்த இரண்டு பாடத்துக்கும் பிள்ளைகள் முதலில் குற்றப் பிரிவுகளையும் தண்டனைகளையும் மனப்பாடம் செய்கிறார்கள். அது பரீட்சைக்கு முதல் நாள் செய்யக்கூடிய வேலை. ஒரு வழக்கு நிற்பதும் விழுவதும் கால எல்லையிலும் சான்றிலும்தான். கொப்பியின் முதல் பக்கத்தில் அவள் நாட்கணக்கை எழுதட்டும்.

சாதாரணமாகக் கைதான ஒருவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அது 72 மணித்தியாலம். அதற்குள் 9ஆம் பிரிவின் கீழ் அமைச்சர் தடுப்புக்காவல் கட்டளை போட்டுவிட்டால் அந்த 72 மணித்தியாலக் கணக்கும் பொருந்தாது. கட்டளை ஒரு தடவைக்கு மூன்று மாதம். மொத்தம் 18 மாதமாக இருந்ததை 2022 திருத்தம் 12 ஆக்கியது. சட்டத்தின் பெயரிலேயே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்று இருக்கிறது. மூன்று வருடத்துக்கென்று வந்த சட்டம், 1982 திருத்தத்தோடு அந்த எல்லை போய்விட்டது. 2018இலும் 2023இலும் மாற்றுச் சட்டமூலங்கள் வெளியாகி நிறைவேறாமல் போயின. அவற்றையும் பக்கத்தில் வைத்து, தடுத்துவைக்கும் அதிகாரம் யார் கையில், எத்தனை நாள் என்று ஒப்பிட்டுப் பார்த்தால் சட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது விளங்கும்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது நடந்தால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். இது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் போட அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தரும் காலம் ஒரு மாதம் மட்டும். எங்கள் பக்கத்துச் சனம் தவறுவது இங்கேதான். முகாமுக்கும் பொலிசுக்கும் அரசியல்வாதி வீட்டுக்கும் அலைந்து முடிய மாதம் ஓடிவிடும், கொழும்பில் சட்டத்தரணி பிடிக்க இன்னும் இரண்டு கிழமை. அந்த ஒரு மாதத்துக்குள் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஆணைக்குழு அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தால், அதே 1996 சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாடு கொடுத்த துண்டு மட்டும் போதாது. விசாரணை நிலுவையில் இருப்பதைக் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தக் கடிதத்தை ஆணைக்குழுவிடம் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது.

மறுகா, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை ஏற்கவே கூடாது என்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவர் பதிவுசெய்தால் ஏற்கலாம் என்கிறது. அது சுயவிருப்பத்தோடு கொடுத்ததல்ல என்று நிரூபிக்கும் சுமையும் எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், தலையில். இதை விளங்க சிங்கராசா வழக்கைவிட நல்ல பாடம் இல்லை. எங்கள் மாவட்டத்துக் கூலித்தொழிலாளி, 1993இல் கைது. தமிழில் சொன்னதை ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள் மொழிபெயர்க்க, சிங்களத்தில் எழுதிய தாளில் தன் பெருவிரல் அடையாளத்தைப் பலவந்தமாக வைத்தார்கள் என்று அவர் முறையிட்டார். அந்த ஒப்புதல் ஒன்றே சான்று. மேல் நீதிமன்றம் 50 ஆண்டு கொடுத்தது, மேன்முறையீட்டில் 35 ஆகக் குறைந்தது. ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு 2004இல், நிரூபிக்கும் சுமையை எதிரிமேல் வைத்தது நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறியது என்றது. 2006இல் எங்கள் உயர் நீதிமன்றம், அந்தக் குழுவிடம் தனிநபர் முறையிட வழிவிடும் விருப்ப நெறிமுறையில் நாடு சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்த்தது. இரண்டையும் முழுதாக, ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கச் சொல். 2022 திருத்தம் 16ஆம் பிரிவைத் தொடவில்லை. அந்தப் பெருவிரல் அடையாளம் இன்றும் உயிரோடிருக்கிற பிரச்சினை. இதை வாசித்தவளுக்கு, ஒப்புதல் சுயவிருப்பத்தோடு கொடுத்ததா என்று தனியே பார்க்கும் உண்மை விளம்பல் விசாரணை எதற்கு என்று யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இரண்டு பாடமும் சந்திக்கும் இடம் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் 6ஆம் பிரிவு. தேசிய பாதுகாப்புக்கோ பொருளாதாரத்துக்கோ பொது ஒழுங்குக்கோ ஆபத்து வரும் என்று அறிந்து கணினியை ‘ஏதேனும் தொழிற்பாடு’ செய்ய வைப்பது குற்றம். முகநூலில் ஒரு பதிவு போடுவதும் தொழிற்பாடுதானே? அந்தச் சொற்களின் அகலத்தை அவள் நிறுத்தி யோசிக்க வேண்டும். அதைவிட முக்கியம், பாதுகாப்பு அமைச்சின் செயலாளர் அந்த நிலை இருந்தது என்று கையொப்பமிட்ட சான்றிதழ் முதற்தோற்றச் சான்றாகிறது, அதாவது மறுதரப்பு உடைக்காதவரை அது நிற்கும். எதிர்த்தரப்பு அதை எதைக் கொண்டு உடைக்கும்? நான் கேள்வித்தாள் போட்டால் இதைத்தான் கேட்பேன்.

இனி சான்று. பொலிஸ் ஒரு கைத்தொலைபேசியை எடுத்தால் பட்டியலில் என்ன எழுதவேண்டும் என்று அவள் சொல்லப் பழகட்டும். மாதிரி, 15 இலக்க ஐஎம்இஐ எண், சிம் எத்தனை, எடுக்கும்போது இயங்கிக்கொண்டிருந்ததா, திரை பூட்டியிருந்ததா, எத்தனை மணி. வலையமைப்பைத் துண்டிக்காமல் மேசையில் வைத்தால் புதுச் செய்திகள் வந்து சேரும்; அனுப்பியவர் ‘அனைவருக்கும் நீக்கு’ என்று அழுத்தினால் உள்ளே இருப்பதும் போகும். அதனால்தான் விமானப் பயன்முறை, அலை புகாத பை எல்லாம். பிரதி எடுத்தவுடன் ஹாஷ், அதாவது தரவின் கைரேகை போன்ற ஒரு குறியீடு, கணக்கிடுவார்கள். ஷா-256 என்ற முறையில் என்றால் 64 எழுத்தும் இலக்கமும் கொண்ட ஒரு வரி. மூலத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரி வேறாகிவிடும். எடுத்த நாளின் வரியும் நீதிமன்றத்துக்கு வந்த நாளின் வரியும் ஒன்றா என்று கேட்பது குறுக்கு விசாரணையின் முதல் கேள்வி. திரைப்பிடிப்பு ஒன்றை மட்டும் கொண்டுவந்தால் இதையெல்லாம் கேட்கவே முடியாது, அதனால்தான் அது பலவீனமான சான்று.

நேரத்தில் பலர் விழுகிறார்கள். சேவையகப் பதிவுகள் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், நாங்கள் ஐந்தரை மணித்தியாலம் முன்னால். பதிவில் 9ஆம் திகதி 20:30 என்றிருந்தால் மட்டக்களப்பில் அது 10ஆம் திகதி அதிகாலை 2 மணி. ஆள் அன்றிரவு எங்கே இருந்தார் என்பது அந்த ஒரு கணக்கில் மாறிப்போகும். இணையத்தில் ஒரு கருவியைக் காட்டும் ஐபி முகவரியும் அப்படித்தான். கைத்தொலைபேசி நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. முகவரியோடு, இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும் சரியான நேரமும் இல்லாவிட்டால் இன்னார்தான் என்று சுட்டிக்காட்ட முடியாது. தரவு அழியாமல் வைத்திருக்கச் சொல்லும் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் 19ஆம் பிரிவு முதலில் 7 நாள் தருகிறது. நீதவான் மொத்தம் 90 நாள்வரை நீடிக்கலாம். தரவு வெளிநாட்டில் இருந்தால், சைபர் குற்றங்களில் நாடுகள் ஒத்துழைப்பதற்கான புடாபெஸ்ட் சமவாயம். இலங்கைக்கு அது 2015 செப்டெம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

அந்தச் சான்றை நீதிமன்றத்தில் நுழைக்க இரண்டு வாசல். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (சிறப்பு ஏற்பாடுகள்) சட்டம், விசாரணைத் தினத்துக்கு 45 நாள் முன்னதாக மறுதரப்புக்கு அறிவித்தல் கேட்கிறது. மறுதரப்பு 15 நாளுக்குள் பார்வையிடக் கேட்கலாம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டத்தின் 22ஆம் பிரிவோ, தனக்குள் வரும் விடயங்களுக்கு 1995 சட்டம் பொருந்தாது என்கிறது. எந்த வாசல் என்று தெரியாமல் 45 நாளைத் தவறவிட்டால், நல்ல சான்று கையில் இருந்தும் பயனில்லை. ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடுகிறாள் என்றால் இந்த முரண்பாட்டை எடுக்கட்டும்.

பயிற்சிக்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரச் சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மாத்திரை கலந்தார்கள் என்ற வதந்தி, கடைக்காரரை மிரட்டி எடுத்த ஒரு காணொளியோடு பரவியது. இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாக்கட்டி. அடுத்த கிழமை கண்டியில் கலவரம், மார்ச் 6 அவசரகாலம், சமூக ஊடகத் தடை. இதே நிகழ்வுக்கு 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கக் குடியியல், அரசியல் உரிமைகள் சமவாயச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பயங்கரவாதத் தடைச் சட்டம் 2(1)(ஏச்), 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் மூன்றையும் போட்டுப் பார்க்கட்டும். பிணை யார் கொடுக்கலாம், காணொளி எடுத்தவருக்கும் பகிர்ந்தவருக்கும் என்ன வேறுபாடு, கடைக்காரருக்கு எந்தச் சட்டம் பாதுகாப்புத் தந்திருக்கும் என்று எழுதிப் பார்த்தால் ஒரு தவணைப் பாடம் ஒரு மாலையில் முடியும்.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்பு பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. சீயோன் தேவாலயம் இங்கே, சாய்ந்தமருது உன் வீட்டுக்குப் பக்கத்தில். ஆனால் 2023 ஜனவரி 12 தீர்ப்பை மகள் கட்டாயம் வாசிக்க வேண்டும். ஏப்ரல் 4ஆம் திகதியே தகவல் வந்தும் செயற்படாததை உரிமை மீறல் என்று ஏற்று, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். தேசிய பாதுகாப்பு என்றால் அரசின் அதிகாரம் என்று மட்டும் பாடம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது சனத்துக்கு அரசு பட்டிருக்கும் கடமை என்பதையும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது, எனக்கு அது பெரிய ஆறுதல்.

கடைசியாக, மொழி. வடக்குக் கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ், தீர்ப்புத் தொகுப்புகள் ஆங்கிலம், சட்டங்களில் முரண்பாடு வந்தால் சிங்கள உரையே மேலோங்கும். ஆகவே மூன்று நிரல் போட்ட கொப்பி ஒன்று முதல் நாளிலிருந்தே வேண்டும். முக்கியமான பிரிவுகளைச் சிங்கள உரையோடு ஒருதரமாவது ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

விடுமுறைக்கு வரும்போது அவளைக் கூட்டிக்கொண்டு வா. சிங்கராசா தீர்ப்புகள் இரண்டையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். புதுநெல் குத்தினால் கொஞ்சம் கொண்டுவர மறக்காதே.

அன்புடன்,
உன் மச்சான்