பழைய பெயரைப் புது வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்

கிறிஸ்தவத் தொடக்கப் பள்ளிகளை நடத்தும் தாளாளர்களுக்கும், தலைமையாசிரியர்களுக்கும், என்னைப் போல ஆசிரியர் அறையில் வருடக்கணக்காக உட்கார்ந்த, இனிமேல் உட்காரப்போகிற ஆசிரியர்களுக்கும்,

ஸ்தோத்திரம். பள்ளி திறக்கப்போகிற நேரம், எல்லோருக்கும் தலைக்கு மேல் வேலை இருக்கும், தெரியும். கால அட்டவணை, சீருடை, புத்தகம், பூட்டுச் சாவி தொலைந்த அலமாரி, வண்ணம் பூசியதில் காணாமல்போன கரும்பலகை என்று ஆயிரம் இருக்கும். இதற்கு நடுவில் ஒரே ஒரு விஷயத்துக்காக இந்த மடலை எழுதுகிறேன். பிள்ளைகள் வருவதற்கு முன்னாலேயே ஆசிரியர் அறையில் ஒரு பட்டியல் கைமாறுகிறதே, அதைப் பற்றி.

வாசலில் இருக்கும் பலகையில் அழகான எழுத்தில் "எல்லாம் புதிதாயின" என்ற வசனம், 2 கொரிந்தியர் 5:17, பக்கத்தில் பூக்கள். உள்ளே மேசையில், போன வருடம் இரண்டாம் வகுப்பு எடுத்தவர் இந்த வருடம் மூன்றாம் வகுப்பு எடுக்கப்போகிறவரிடம் பெயர்ப் பட்டியலைக் கொடுக்கிறார், பென்சிலால் ஓரத்தில் குறிகள் போட்டிருக்கும். ஒரு பெயருக்கு நட்சத்திரம். ஒரு பெயருக்குக் கீழே இரண்டு கோடு, "இவன் வாலு, முதல் நாளே அடக்கி வைங்க." இன்னொன்றுக்கு, "அம்மா சண்டைக்கு வருவாங்க, ஜாக்கிரதை." இன்னொன்றுக்கு, "இவளுக்கு ஏறாது, விட்டுடுங்க." கால் மணி நேரத்தில் நாற்பது பிள்ளைகளின் கதை முடிந்துவிடும்.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக வகுப்பை ஏற்கிறவர் தடுமாறக்கூடாதே என்ற அக்கறைதான். ஆனால் அந்தப் பென்சில் குறி முதல் நாள் காலையில் என்ன செய்கிறது என்று பாருங்கள். போன வருடம் பூராவும் கடைசி பெஞ்சில் இருந்த பையன், இந்த வருடம் யாரும் சொல்லாமலேயே முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருப்பான். நோட்டில் முதல் பக்கத்தில் பெயரை அவ்வளவு நிதானமாக, கோட்டைத் தாண்டாமல் எழுதியிருப்பான் (பிள்ளைகளின் முதல் பக்கக் கையெழுத்தைக் கவனித்திருக்கிறீர்களா, பத்தாவது பக்கத்தில் அது இருக்காது). ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிறார். இவன் "உள்ளேன்" என்று எழுந்து நிற்கிறான். அவர் தலையை நிமிர்த்தி, சிரித்துக்கொண்டேதான், "ஓ, நீதானா அது?" என்கிறார். வகுப்பு முழுக்கச் சிரிக்கிறது. இப்படி ஒரு காலையை நான் அருகில் இருந்தே பார்த்திருக்கிறேன். மதிய இடைவேளை முடிந்து வந்தபோது அந்தப் பையன் தன் பையை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்கே போய்விட்டான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை.

எந்தப் பள்ளியிலும் நடக்கிறதுதானே, கிறிஸ்தவப் பள்ளியை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறீர்கள் என்று கேட்கலாம். மற்ற பள்ளிகள் மன்னிப்பைப் பாடத்திட்டத்தில் வைப்பதில்லை, நாம் வைக்கிறோம். காலை ஆராதனையில் அதைப் பாடுகிறோம், வேத பாட வகுப்பில் படம் வரைந்து வண்ணம் தீட்டச் சொல்கிறோம், வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வந்த மகனைத் தகப்பன் மன்னித்து ஏற்றுக்கொள்ளும் கெட்ட குமாரன் கதையை நாடகமாகப் போடுகிறோம். அப்புறம் அந்த நாடகத்தில் தகப்பனாக நடித்த அதே பையனுக்கு, இரண்டு வருடத்துக்கு முன்னால் யாரையோ கடித்துவைத்தவன் என்ற பெயர் இன்னும் போகவில்லை. பிள்ளைகள் இதையெல்லாம் கவனிக்க மாட்டார்கள் என்று நினைப்பவர்கள் பிள்ளைகளோடு நேரம் செலவழித்ததில்லை.

வேதத்திலேயே இப்படி ஒரு ஆசிரியர் அறைச் சண்டை இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரம். மாற்கு என்கிற யோவான், பவுலும் பர்னபாவும் போன முந்தைய ஊழியப் பயணத்தில் பம்பிலியாவில் பாதியிலேயே விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிப் போய்விட்டான். அடுத்த பயணம் கிளம்பும்போது பர்னபா அவனையும் கூட்டிக்கொள்வோம் என்கிறார், பவுல் கூடவே கூடாது என்கிறார். போன தடவை என்ன செய்தான் என்று பார்த்தோமே என்பதுதான் பவுலின் வாதம், நியாயமான வாதமும்கூட. சண்டை முற்றி இருவரும் பிரிந்தே போகிறார்கள். பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பல் ஏறுகிறார். (மாற்கு பர்னபாவுக்கு உறவுக்காரன்தான், கொலோசெயர் நிருபத்தில் இருக்கிறது. சிபாரிசு என்று யாராவது முணுமுணுத்திருப்பார்கள்.) வருடங்கள் போன பிறகு தீமோத்தேயுவுக்கு எழுதும் இரண்டாம் நிருபத்தில், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார் பவுல். அந்த மாற்கு எழுதியதாகத்தான் சபை மரபு இரண்டாம் சுவிசேஷத்தைச் சொல்கிறது. சிறு பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீஷர்கள் அதட்டியதையும், அதைக் கண்டு இயேசு சீஷர்கள்மேல் கோபப்பட்டதையும் அந்தப் புத்தகத்தின் 10-ஆம் அதிகாரத்தில்தான் படிக்கிறோம். அந்தப் பிள்ளைகளை அணைத்துக்கொள்வதற்கு முன்னால் அவர் யாரிடமும் போன வருட நடத்தை எப்படி என்று விசாரித்ததாக அதில் இல்லை.

இது பக்திப் பேச்சு மட்டும்தானா என்றால், இல்லை. 1968-இல் ராபர்ட் ரோசென்தால், லெனோர் ஜேக்கப்சன் என்ற இருவர் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஒரு தொடக்கப் பள்ளியில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். இந்த இந்தப் பிள்ளைகள் இந்த வருடம் நன்றாக மலரப்போகிறார்கள் என்று ஆசிரியர்களிடம் சில பெயர்களைக் கொடுத்தார்கள். ஒரு வகுப்பில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு. உண்மையில் அந்தப் பெயர்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டது போல எடுத்தவை. வருடக் கடைசியில் முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகளின் அறிவுத்திறன் சோதனை மதிப்பெண்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக உயர்ந்திருந்தன. விளைவின் அளவு பற்றி அப்புறம் நிறைய பேர் சண்டை போட்டார்கள், அதனால் அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். எனக்கு முக்கியமாகப் படுவது பின்னால் வந்தது. 1984-இல் ஸ்டீபன் ராடன்புஷ் இதே மாதிரியான 18 சோதனைகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தார். பிள்ளைகளைத் தெரிந்து இரண்டு வாரம்கூட ஆகாத ஆசிரியரிடம் இப்படி ஏதாவது சொன்னால்தான் அது ஒட்டிக்கொண்டு வேலை செய்கிறது. தானாகவே பிள்ளைகளோடு இரண்டு வாரத்துக்கு மேல் பழகிய ஆசிரியரிடம் சொன்னால் பெரிதாக எதுவும் ஆகவில்லை. நாம் பட்டியலைக் கைமாற்றும் நாள் எது என்று யோசித்துப் பாருங்கள். எந்த நேரத்தில் சொன்னால் அதிகம் ஒட்டுமோ, சரியாக அந்த நேரத்தில் சொல்கிறோம்.

அதற்காக எதையுமே சொல்லாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. நம் பாரம்பரியத்திலேயே இதற்கு ஒரு நல்ல வழி இருந்திருக்கிறது. பிரான்சில் ஏழை வீட்டுப் பையன்களுக்காகப் பள்ளிகள் தொடங்கிய ஜான் பாப்டிஸ்ட் தெ லாசால், 1719-இல் இறந்தார். அவருடைய பள்ளிகளை எப்படி நடத்துவது என்ற கையேடு மறு வருடம் அச்சாகியது. அதில் ஒவ்வொரு ஆசிரியரும் வருடக் கடைசியில் பிள்ளைகளின் நல்ல குணம், கெட்ட குணம் இரண்டையும் எழுதிவைக்க வேண்டும், அது அடுத்த ஆசிரியருக்குப் போகும். கேட்டால் நம் பென்சில் பட்டியல் மாதிரியே தெரியும். ஆனால் பள்ளிப் பொறுப்பாளர் அந்த ஏடுகளைப் பத்திரமாக வைத்திருந்து, ஒரே பிள்ளையைப் பற்றி ஒரு ஆசிரியர் எழுதியதும் அடுத்தவர் எழுதியதும் ஒத்துப்போகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. நம்மிடம் காணாமல்போனது அந்தப் பகுதிதான். வாய்வார்த்தையை யார் ஒப்பிட்டுப் பார்ப்பது? லாசாலை 1950-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார். அந்தப் பாதுகாவலர் பள்ளியிலேயே முன்னூறு வருடம் முன்னால் இப்படி ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் இருந்தது என்பது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? இரண்டு வகைச் செய்திகளைப் பிரித்துவிடுங்கள். பிள்ளையின் உடம்பு, பாதுகாப்பு, படிப்பு நிலை: இவை முதல் நாளுக்கு முன்னாலேயே, எழுத்தில், புது ஆசிரியர் கையில் இருக்க வேண்டும். வலிப்பு, மூச்சிரைப்பு, எதைச் சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது, எந்தக் காது சரியாகக் கேட்காது, கண்ணாடி போட மறக்கிற பிள்ளை யார், கூட்டிக்கொண்டு போக யாருக்கு அனுமதி உண்டு, யாருக்கு இல்லை, எழுத்துக் கூட்டி வாசிப்பதில் எங்கே நிற்கிறது, வீட்டில் சாவு ஏதாவது நடந்ததா. குணம், பழக்கம், வாலு, மந்தம், அம்மா சண்டைக்காரி: இவை ஒரு உறையில் போட்டுத் தலைமையாசிரியர் மேசையில் இரண்டு வாரம் இருக்கட்டும். புது ஆசிரியர் அந்த இரண்டு வாரத்தில் தான் பார்த்ததை ஒரு பிள்ளைக்கு இரண்டு வரி வீதம் எழுதட்டும். அப்புறம் உறையைத் திறந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒத்துப்போனால் சேர்ந்து யோசிக்கலாம். ஒத்துப்போகாத இடங்கள் நிறைய வரும், அங்கேதான் பேசுவதற்கு விஷயம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒரு பிள்ளையை யாரோ துன்புறுத்துகிறார்கள் என்ற சந்தேகமோ, ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைப் பெரிதாகக் காயப்படுத்திய நிகழ்வோ இருந்தால் அது உறைக்குள் போகிற விஷயமே கிடையாது. பொறுப்பில் இருப்பவருக்கு உடனே, எழுத்தில், தேதியோடு போக வேண்டும். மன்னித்துவிட்டோம் என்று சொல்லி மூடி மறைத்த கதைகள் சபைகள் நடத்தும் நிறுவனங்களில் போதும் போதும் என்கிற அளவுக்கு நடந்துவிட்டன. சின்னப் பிள்ளை மை கொட்டியதை மறப்பதும், பெரியவர் செய்ததை மறைப்பதும் ஒரே கிருபை என்று தயவுசெய்து யாரும் பிரசங்கிக்காதீர்கள்.

இன்னொன்று, சொன்னால் கொஞ்சம் கசக்கும். பள்ளி திறப்பதற்கு முன் ஆசிரியர்கள் கூடி ஜெபிக்கிறோம், நல்லது. ஆனால் "இந்தப் பிள்ளைக்காக விசேஷமாக ஜெபிச்சுக்கோங்க, அவங்க அப்பா வீட்டை விட்டுப் போயிட்டாரு, அதான் அவ இப்படிப் பொய் சொல்றா" என்று ஆரம்பித்தால், ஆமென் சொல்லி முடிப்பதற்குள் அது பள்ளி முழுக்கத் தெரிந்த செய்தி. பென்சில் பட்டியலாவது ஒருவர் கைக்குத்தான் போகிறது. பெயர் சொல்லாமலேயே ஜெபிக்கலாம், யாரைச் சொல்கிறோம் என்று ஆண்டவருக்குத் தெரியும்.

நட்சத்திரம் போட்ட பெயர்களையும் மறந்துவிட வேண்டாம். ஒவ்வொரு வருடமும் வேத வசனம் வாசிக்க, ஜெபம் சொல்ல, விழாவில் தேவதூதன் வேஷம் போட அதே நான்கு பிள்ளைகள்தான். அதில் ஒன்று போதகர் வீட்டுப் பிள்ளையாகவோ கமிட்டி உறுப்பினர் வீட்டுப் பிள்ளையாகவோ இருப்பது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். நல்ல பிள்ளை என்று பெயர் எடுத்த குழந்தைக்குத் தப்பு செய்யவே இடம் கிடையாது. "உன் அக்கா எவ்வளவு நல்லாப் படிச்சா" என்று தம்பியிடம் சொல்வதும் இதே பட்டியல்தான், பென்சில் இல்லாமல். வேறு மதத்து வீட்டிலிருந்து வருகிற பிள்ளை கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தால் அதை அடக்கமின்மை என்று ஓரத்தில் குறிக்காதீர்கள், அமைதியாக உட்கார்ந்தால் போதும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நாற்பது பிள்ளைகளைத் தனியாகச் சமாளிக்கிறவருக்கு இரண்டு வாரம் எந்த முன்னெச்சரிக்கையும் இல்லாமல் கஷ்டம் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். யாரை யார் பக்கத்தில் உட்கார வைக்கக்கூடாது என்பது தெரியாமல் முதல் வாரம் இரண்டு சண்டை கூடுதலாக வரும். தலைமையாசிரியர்கள்தான் அங்கே கை கொடுக்க வேண்டும்: முதல் பத்து வேலை நாட்களில் அலுவலக வேலை, பதிவேடு, கூட்டம், பேச்சாளர், எல்லாவற்றையும் வகுப்பாசிரியர் தலையிலிருந்து இறக்கிவையுங்கள். பிள்ளைகளைப் பார்க்க அவருக்கு நேரம் கொடுக்காமல் பிள்ளைகளைப் புதிதாகப் பார் என்று சொல்வது நியாயம் கிடையாது. ஊழியம் என்ற பெயரில் குறைந்த சம்பளத்துக்கு ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து வேலை வாங்குவதைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும், இன்றைக்கு வேண்டாம்.

இதை யார் தொடங்குவது என்றால் தலைமையாசிரியர்தான். முதல் ஆசிரியர் கூட்டத்துக்கு முன்னாலேயே முடிவு செய்து சொல்லிவிடுங்கள், கூட்டத்தில் விவாதத்துக்கு விட்டால் தேநீர் வரும்வரை பேசிக் கலைந்துவிடுவோம். பட்டியல் ஏற்கெனவே கைமாறியிருந்தால் திரும்ப வாங்கி, குறிகள் இல்லாத சுத்தமான பிரதி ஒன்றைக் கொடுங்கள். முதல் வாரத்திலேயே, வாலு என்று பெயர் எடுத்த பிள்ளையின் வீட்டுக்கு ஒரு நல்ல செய்தியைச் சொல்லி அனுப்பச் சொல்லுங்கள், உண்மையான செய்தியாக இருந்தால் போதும், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. பள்ளியிலிருந்து அழைப்பு வந்தாலே பயந்து எடுக்கிற அம்மாக்களை எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளியில் பாடம் எடுத்த ஒரு முன்னாள் ஆசிரியை