பணகுடிப் பக்கம் எங்களோடு நின்றவர்களுக்கு

வள்ளியூருக்கும் பணகுடிக்கும் நடுவே, நாலுவழிச்சாலை ஓரத்தில், ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்காக நின்றவர்களுக்கு இந்த மடல். பேர்கூடக் கேட்காமல் வந்துவிட்டோம். அதனால்தான் இப்படிப் பொதுவில் எழுத வேண்டியிருக்கிறது.

பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவிலில் இருக்கும் சித்தியைப் பார்க்க அம்மாவோடு போய்க்கொண்டிருந்தோம். முன்பக்க இடது டயர் பஞ்சர். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதவைத் திறந்தால் கையோடு பிய்த்துக்கொண்டு போகிறது. என் மகன் எடுத்த எடுப்பில் ஜாக்கியை ஏற்றிவிட்டு ஸ்பானரைப் போட்டான். நட்டு அசையவில்லை, சக்கரம்தான் சுற்றியது.

லாரி அண்ணாச்சி, அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். லாரியை எங்கள் காருக்குப் பின்னால் மறைத்து நிறுத்தி, இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு இறங்கினீர்கள். "ஏல தம்பி, நட்ட தளத்தாம ஜாக்கிய ஏத்துனா சக்கரந்தாம்ல சுத்தும்!" இறக்கச் சொல்லி, ஸ்பானர் பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் சொருகி, ஒரு மிதி. துருப்பிடித்த நட்டு 'கிறீச்' என்றது. மண்ணில் ஜாக்கி புதையாமல் அடியில் கட்டையும் வைத்தீர்கள்.

அதற்குப் பிறகுதான் எங்கள் மானம் போனது. ஸ்டெப்னியிலும் காற்றில்லை. 1904-இல் வேல்ஸ் நாட்டில் ஸ்டெப்னி என்ற தெருவில் பிறந்த பெயர் அது என்று வகுப்பில் கதை சொன்ன வரலாற்று வாத்தியார் நான்; மாதம் ஒருமுறை அதில் காற்றுப் பார்க்கத் தெரியவில்லை. நெடுஞ்சாலை உதவிக்கு 1033 இருப்பதும் வீடு திரும்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பைக்கில் வந்த தம்பி, என் மகனைப் பின்னால் ஏற்றி, மடியில் டயரோடு பணகுடி வரை கூட்டிப்போனதற்கு நன்றி. சாப்பாட்டுக் கையோடு எழுந்து வந்து கடையைத் திறந்த பஞ்சர் கடை அண்ணாச்சிக்கும். காற்றுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றாராம்.

ஆட்டுக்கார ஐயா, பின் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்தது நீங்கள். அம்மாவை வேப்பமரத்து மறைவில் உட்கார வைத்து, உங்கள் தூக்குச்சட்டியிலிருந்து நீராகாரமும் இரண்டு உள்ளியும் கொடுத்தீர்கள். "ஆச்சிக்கு எந்தூரு?" என்று ஆரம்பித்த பேச்சில் டயர் மாற்றி முடித்ததே அம்மாவுக்குத் தெரியவில்லை. சித்தி வீட்டு விருந்தைப் பற்றி அம்மா இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நீராகாரத்தைத்தான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

லாரி அண்ணாச்சி, இன்னொன்று. அவசரத்தில் உங்கள் குழாய் எங்கள் டிக்கியிலேயே வந்துவிட்டது. பணகுடி பஞ்சர் கடையில் கொடுத்து வைத்திருக்கிறேன். அந்த வழியாகப் போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.