விமானிப் படிப்பு: பணம் கட்டுவதற்கு முன்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்கு மட்டும் இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன்.

சேலம் காமலாபுரத்திலிருந்து கிளம்பும் பயிற்சி விமானங்கள் நம் பள்ளி மைதானத்துக்கு மேலே பறக்கத் தொடங்கியதிலிருந்து, டாக்டர், கலெக்டர் என்று சொல்லிவந்த பிள்ளைகளில் பலர் பைலட் என்று சொல்கிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் சென்ற வாரம் ஒரு தகப்பனார் வழவழப்பான விளம்பரத் தாள் ஒன்றைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். மகள் பத்தாம் வகுப்பு. ஒரு லட்சம் முன்பணம் கட்டினால் இடம் உறுதி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முக்கால் ஏக்கர் நிலத்தை விற்க விலையும் பேசிவிட்டார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்.

தாளை வாங்கிப் பார்த்தேன். தோளில் நான்கு தங்கப் பட்டைகளோடு ஒரு கேப்டன் சிரிக்கிறார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால், அடியில் பொடி எழுத்தில் 'மூன்றாண்டு மேலாண்மைப் பட்டப்படிப்பு' என்று இருக்கிறது. அதில் சேர்ந்தால் விமான நிலைய நிர்வாகம் படிக்கலாம். ஒரு மணி நேரம்கூடப் பறக்க முடியாது. ஏரோநாட்டிகல் இன்ஜினியரிங்கும் அப்படித்தான். அது விமானத்தை வடிவமைக்கும் படிப்பு. நல்ல படிப்பு, ஆனால் விமானி உரிமம் வேறு. அதை வழங்குவது டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்.

அந்த உரிமத்துக்குப் போகும் வழி இது. பத்தாம் வகுப்புத் தேறி 16 வயது நிறைந்தால் மாணவ விமானி உரிமம் பெறலாம். 17 வயதில் தனியார் விமானி உரிமம். அதை வைத்துச் சம்பளத்துக்குப் பறக்க முடியாது. வேலைக்கு வேண்டியது வணிக விமானி உரிமம். அதற்கு 18 வயது, பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும், 200 மணி நேரப் பறத்தல், அதோடு வான்வழி செலுத்தல், வானிலை, விமான விதிகள், தொழில்நுட்பம் ஆகிய எழுத்துத் தேர்வுகள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 70 எடுக்க வேண்டும். நம் பிள்ளைகள் பழகிய 35 அங்கே எடுபடாது.

ஆகவே பதினொன்றாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் உள்ள பிரிவை எடுக்கச் சொல்லுங்கள். உயிரியலா கணினி அறிவியலா என்பது அவரவர் விருப்பம். தாவரவியல், விலங்கியல் உள்ள பிரிவில் கணிதம் கிடையாது, கவனம். வேறு பிரிவில் படித்துவிட்டவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் கணிதம், இயற்பியல் இரண்டையும் பின்னால் எழுதிக்கொள்ளலாம். இருக்கும் வாய்ப்பை விட்டுவிட்டு ஏன் சுற்றிப் போக வேண்டும்?

"வெக்டர் எதற்கு சார்?" என்று, அளவையும் திசையையும் சேர்த்துப் போடும் அந்தக் கணக்கைப் பற்றிக் கேட்கும் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் கணக்கு ஒன்று உண்டு. திருச்சியிலிருந்து மதுரைக்கு ஒரு சிறு பயிற்சி விமானம் மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. குறுக்கே மணிக்கு 37 கிலோமீட்டரில் காற்று. மூக்கை நேராக மதுரையைப் பார்த்து வைத்துக்கொண்டே போனால், நாற்பது நிமிடம் கழித்து விமானம் எங்கே இருக்கும்? மதுரைக்குப் பக்கவாட்டில் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தள்ளி. காற்று வரும் பக்கமாகச் சுமார் பதினொன்றரை டிகிரி திருப்பி வைத்தால்தான் மதுரை வரும். விமானி தினமும் போடும் கணக்கு இது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. முதலில் மருத்துவச் சோதனை, அப்புறம்தான் பணம். எந்தப் பயிற்சி நிறுவனமாக இருந்தாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள். டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் முதலில் இரண்டாம் வகுப்புச் சோதனை, பிறகு வணிக உரிமத்துக்கு முதல் வகுப்புச் சோதனை. கண், காது, இதயம், இரத்தம் எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட்ட பிள்ளை விமானியாக முடியாது என்பது தவறு. கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் பயணிகள் விமானம் ஓட்டத் தடையில்லை. விமானப்படையில் மட்டும் விதி கடுமை.

நிறம் பிரித்தறியும் திறன்தான் எதிர்பாராமல் காலை வாரும். சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் கண் மருத்துவ முகாம் நடந்தது. வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் 74 என்று வாசித்த அட்டையை ஒரு பையன் 21 என்று வாசித்தான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தான். சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாத குறை அது. பெரும்பாலும் தாய்வழியாக மகனுக்கு வரும்; அன்றாட வாழ்க்கையில் வீட்டாருக்கே தெரியாது. அவன் விமானப்படைக் கனவில் இருந்தவன். அன்று தெரிந்ததால் வேறு வழி பார்த்துக்கொண்டான், இன்று நன்றாக இருக்கிறான். நிலம் போன பிறகு தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். வணிக உரிமம் முடிக்க ஏறக்குறைய அரைக் கோடி ரூபாய் ஆகும். அதோடும் முடியாது, ஏர்பஸ், போயிங் போன்ற குறிப்பிட்ட விமானத்தை ஓட்டுவதற்கான தனிப் பயிற்சிக்கு மேலும் பத்து லட்சத்துக்கு மேல். உரிமம் கையில் வந்த மறுநாளே வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கல்விக் கடன் உண்டு, ஆனால் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி ஈட்டுச் சொத்து கேட்கும். மத்திய அரசின் பயிற்சி நிறுவனம் உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் இருக்கிறது: இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உடான் அகாடமி. அங்கேயும் கட்டணம் குறைவல்ல. ஆனால் நுழைவுத் தேர்வு, நேர்காணல், திறன் சோதனை வைத்துத்தான் எடுக்கிறார்கள். முன்பணத்துக்கு அங்கே வேலையில்லை.

செலவில்லாத வழியும் இருக்கிறது. அதைத்தான் நான் முதலில் முயலச் சொல்வேன். யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தும் என்.டி.ஏ. (முப்படை அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வைப் பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டே எழுதலாம். வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள் இருக்க வேண்டும். கணிதத்துக்கு 300 மதிப்பெண், பொதுத் திறனுக்கு 600, பிறகு ஐந்து நாள் நடக்கும் நேர்முகத் தேர்வுக்கு 900. விமானிப் பிரிவுக்கு ஒரு தனித் திறன் சோதனை உண்டு. அதை வாழ்நாளில் ஒரு முறைதான் எழுத முடியும். தேறினால் புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள அந்த அகாடமியில் மூன்றாண்டுகள், பிறகு விமானப்படை அகாடமி. பயிற்சிச் செலவு முழுவதும் அரசுடையது. 2022 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். ஆகவே "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு சார்" என்று என்னிடம் வந்து கேட்க வேண்டாம். பயணிகள் விமானங்களிலும் பெண் விமானிகளின் விகிதத்தில் நம் நாடு உலகச் சராசரியைவிட வெகுவாக முன்னால் நிற்கிறது.

ஆறாம் வகுப்புக்குப் போகும் தம்பி தங்கை வீட்டில் இருந்தால், உடுமலை அருகே அமராவதிநகரில், படை அதிகாரிப் பணிக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தும் சைனிக் பள்ளியின் நுழைவுத் தேர்வையும் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பிலும் அங்கே சேர்க்கை உண்டு.

தமிழ்வழிப் பிள்ளைகள் ஆங்கிலத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். தேர்வும் ரேடியோப் பேச்சும் ஆங்கிலத்தில்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ரேடியோவில் அலங்கார ஆங்கிலம் யாரும் பேசுவதில்லை. சுருக்கமாக, தெளிவாக, சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பேச வேண்டும். ஒன்பதைக்கூட 'நைனர்' என்றுதான் சொல்வார்கள், ஐந்தோடு குழம்பிவிடக் கூடாது என்று. தினமும் அரைமணி நேரம் சத்தமாக ஆங்கில நாளிதழ் வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டாண்டில் நாக்கு திருந்திவிடும்.

கடைசியாக, என் கையில் இருக்கும் ஒரு வேலை. பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலில் பெயரும் பிறந்த தேதியும் எப்படி ஏறுகிறதோ அப்படியேதான் வாழ்நாள் முழுக்க வரும். சான்றிதழில் முன்னெழுத்து மட்டும், ஆதாரில் அப்பா பெயர் விரித்து, பாஸ்போர்ட்டில் வேறொரு மாதிரி என்று இருந்தால், உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது அலைய வேண்டிவரும். பட்டியல் அனுப்புவதற்கு முன் திருத்துவது எனக்குப் பத்து நிமிட வேலை. சான்றிதழ் அச்சாகி வந்துவிட்டால் உங்களுக்குப் பல மாத அலைச்சல்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உயிரியல் ஆய்வகத்தில் நிற அட்டைகள் வைத்திருப்போம். ஆசை உள்ள பிள்ளைகளை அழைத்து வாருங்கள். இது முதல்கட்டச் சோதனைதான், முடிவு சொல்வது மருத்துவர். பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல்களையும் கொண்டுவந்தால் பெயர்ப்பட்டியலையும் அன்றே சரிபார்த்துவிடலாம். யாராவது விளம்பரத் தாள் கொடுத்திருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், சேர்ந்தே படித்துப் பார்ப்போம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்